பணியாரச் சட்டியில் ஒரு கம்ப்யூட்டர்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பதில் போட மூன்று வாரம் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எல்லாம் அக்கா மகளின் ஐபுக், அந்த ஆப்பிள் மடிக்கணினி, செய்த வேலை.

அவள் 2005 கடைசியில் வாங்கிய வெள்ளை ஐபுக் ஜி4, உனக்கு ஞாபகம் இருக்கும். தேக்கா சந்தையில் சாப்பிட உட்கார்ந்தபோதுகூட மடியை விட்டு இறக்க மாட்டாள். போன மாதம் வீட்டைக் காலி செய்யும்போது அதைக் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட எடுத்து வைத்திருந்தாள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு கடையில் காட்டினேன். பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "அங்கிள், இது தூக்கிப் போடுற சாமான்" என்றான். அந்தச் சொல் குத்திவிட்டதடா. நமக்கும் வயசாகிறதில்லையா!

அதன் மூளையாக இருப்பது பவர்பிசி என்ற பழைய ரகச் சிப். ஆப்பிள் 2006ல் இன்டெலுக்குத் தாவியதும் அந்த வம்சம் அநாதையாகிவிட்டது. லினக்ஸை வைத்துச் செய்த இலவச இயங்குதளமான டெபியன்கூட 2017ல் வந்த 9ஆம் பதிப்போடு இதை அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் 'டெபியன் போர்ட்ஸ்' என்று ஒரு பக்கவாட்டு வாசல் இருக்கிறது. சம்பளம் இல்லாமல் சிலர் இன்னும் அதற்கு நிரல்களைத் தொகுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தபோது, இது இன்டெலின் 386 சிப்புக்கே எழுதியது, வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோக முடியாது என்றுதான் சொன்னார். இன்றைக்குப் பார், அது போய் உட்காராத இடமே இல்லை.

முதலில் ஹார்ட் டிஸ்கை மாற்ற வேண்டியிருந்தது. பழையது கரகரவென்று அரைத்தது. இந்த ஐபுக்கைப் பிரிப்பது சாமானியமில்லை. ஒன்றுக்கொன்று நீளம் மாறும் குட்டிக் குட்டித் திருகுகள், இடம் மாறினால் போச்சு. வீட்டுக்காரியின் பணியாரச் சட்டியை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு கட்டத்துத் திருகுகளைப் போட்டு வைத்தேன். அடுப்படிக்கு வந்தவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் பணியாரமும் இல்லை. கடைசியில் ஒரு திருகு மிச்சம். அது எங்கே போகவேண்டியது என்று இன்றுவரை தெரியவில்லை, இயந்திரமும் கேட்கவில்லை.

அடுத்தது டெபியனை நிறுவுவது. சீடியைப் போட்டு, சி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இயக்கினால் அதிலிருந்து எழும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று 'எக்ஸ்பர்ட்' முறையைத் தேர்ந்தெடுத்தேன். பாதியில், கோப்பின் கையொப்பம் (அது அசல்தான் என்று காட்டும் மின்முத்திரை) செல்லாது என்று நின்றது. மறுபடி செய்தேன், மறுபடி அதே இடம். சீடியே கோளாறு என்று இன்னொன்று எழுதினேன். இந்தக் காலத்தில் வெற்றுச் சீடி தேடுவது பழைய நண்பனைத் தேடுவது மாதிரி. மூன்று ராத்திரி போயிற்று.

நாலாவது ராத்திரி, பவர்பிசி ஆட்கள் கூடும் ஐஆர்சி என்ற இணைய எழுத்து அரட்டையில் போய், "வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று எழுதினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நாமும் வொர்க்ஷாப்பில் இருந்தோமே, "மிஷின் ஓடலை" என்று மட்டும் சொல்பவனிடம் நாம் என்ன பேசினோம்? என்ன மாடல், எந்தச் சீடி, எந்தக் கட்டத்தில் என்ன வாசகம் வந்தது, அதற்கு முன் நான் என்னென்ன செய்தேன் என்று வரி பிசகாமல் எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆல்ட், எஃப்2 அழுத்தி, டேட் என்று தட்டுங்கள். என்ன வருகிறது?"

1970 ஜனவரி 1. நாம் இரண்டு பேரும் பிறக்கவே இல்லை!

செத்த பேட்டரியோடு கிடந்ததில் கடிகாரம் அழிந்து, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் காலத்தை எண்ணத் தொடங்கும் நாளுக்கே போய்விட்டிருந்தது. 1970ல் நிற்கும் இயந்திரத்துக்கு இன்றைய கையொப்பம் எதிர்காலத்தில் போட்டது, அதனால் நம்ப மறுத்திருக்கிறது. நேரத்தை இணையத்தில் பார்த்து வைத்துக்கொள்ளவா என்று நிறுவி கேட்டபோது வேண்டாம் என்று தட்டியது நான்தான், அந்த எக்ஸ்பர்ட்!

அப்புறம் வந்தவை சில்லறைத் தொல்லைகள். வைஃபை பிராட்காம் சிப், அதை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேரை டெபியனோடு சேர்த்துத் தர உரிமம் இடம் கொடுக்காது; முதலில் கேபிளைச் செருகி இறக்கினால்தான் பிறகு கேபிள் இல்லாமல் ஓடும். திரை அடிக்கடி உறைந்ததற்கு, திரைச் சிப்பின் அமைப்பில் ரேடியான் ஏஜிபிமோட் என்பதற்கு மைனஸ் 1 கொடு என்றார்கள், நின்றுவிட்டது. காசு வேண்டாம், நன்றி சொன்னால் போதும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. பதில் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். இங்கே புளோக்குக் கீழே 2014 முதல் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்று பழுதுபார்க்கக் கற்றுத்தரும் கூட்டம் நடத்துகிறவர்களும் இந்த ரகம்தான். கெட்டுப்போன ஃபேனைக் கொடுத்துவிட்டு நீ கோப்பி ஓ குடிக்கப் போக முடியாது, திருப்புளியை உன் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இணையத்தில் உலாவ இது லாயக்கில்லை, அதை மறைக்கவில்லை. நினைவகம் கூடிப்போனால் ஒன்றரை ஜிபி, இன்றைய பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. எழுத மட்டும் தங்கம். தமிழ்99 விசைப்பலகை முறையைப் போட்டுக்கொண்டேன், இந்தக் கடிதமும் அதில் அடித்ததுதான். அடிக்கும்போது நா. கோவிந்தசாமி நினைவுக்கு வந்தார். 1995லேயே தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றிக் காட்டியவர், 1997ல் தமிழ் இணைய மாநாட்டை நம் ஊரில் கூட்டியவர். 1999ல் போய்விட்டார். தமிழ்99 பிறந்த வருஷமும் அதுதான்.

சரி, உன் மகன் தூக்கிப் போட்ட குரோம்புக் மடிக்கணினியை இன்னும் பரணில்தானே வைத்திருக்கிறாய்? அதில் கைப்பேசிகளில் இருக்கும் ஏஆர்எம் ரகச் சிப் இருந்தால் கதையே வேறு. சாதாரண பிசி தன்னிடம் என்னென்ன சாமான் இருக்கிறது என்று தானே சொல்லும். ஏஆர்எம் பலகைகளில் பெரும்பாலானவை சொல்லாது, ஒவ்வொன்றுக்கும் 'டிவைஸ் ட்ரீ' என்று தனி வரைபடம் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். உன் மாடலுக்கு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று நான் பார்க்கிறேன். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. "பழைய குரோம்புக்" என்று மட்டும் எழுதினால் பதில் போட மாட்டேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மணி