வழியனுப்புவதோடு உங்கள் வேலை முடிவதில்லை

பன்னாட்டு அமைதிப் பணிமுகாம்களுக்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் கல்லூரிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

ஒரு பிள்ளையை ஐரோப்பாவுக்கு அனுப்ப நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் போனால் காலம் கடந்துவிடும். முடிவு வர வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். இதற்கே மூச்சு வாங்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை முகாமால் வளர்ந்து வரவேண்டும் என்றால், போவதற்கு முன்பும் வந்த பின்பும் நீங்கள் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

பல நாட்டு இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி ஓர் ஊருக்காக உழைக்கும் இந்தப் பணிமுகாம் எதற்காகப் பிறந்தது என்பதைப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். முதல் உலகப் போரில் வெர்தன் போர்க்களத்தை ஒட்டிச் சிதைந்துபோன எஸ்ன் என்ற பிரெஞ்சு ஊரில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் 1920இல் அதைத் தொடங்கினார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த ஜெர்மானியர்களும் வந்து அந்த ஊரை எடுத்துக்கட்ட மண் சுமந்தார்கள். ஜெர்மானியர் அங்கே இருப்பதை உள்ளூரில் ஏற்காததால் சில மாதங்களிலேயே முகாம் நின்றது. முதல் முகாமே அப்படி முடிந்தது என்பதை மறைக்கவேண்டாம். 1934இல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே செரசோல் இந்தியாவுக்கு வந்து, இடிந்த ஊர்களைக் கட்டும் வேலையில் இறங்கினார்.

ஆட்களைச் சேர்த்து வைத்தாலே பகை கரைந்துவிடாது. சமமான நிலை, பொதுவான இலக்கு, கைகோத்துச் செய்யும் வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் கூடினால்தான் தப்பெண்ணம் குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். முகாமில் இது சோதிக்கப்படும் இடம் சமையலறை. பதினைந்து பேருக்கு இரண்டு பேர் சமைக்கவேண்டும், மறுநாள் வேறு இருவர். மாட்டிறைச்சி வெந்த சட்டியிலேயே சைவக் குழம்பு வைக்கலாமா? எச்சில் தட்டை யார் கழுவுவது? முதல் சண்டை பெரும்பாலும் இங்கேதான் வெடிக்கும். வீட்டில் ஒரு தட்டுகூடக் கழுவாமல் வளர்ந்த பையன் அங்கே தடுமாறுவான். போவதற்கு முன் இங்கேயே ஒரு வார இறுதியில் இருபது பேருக்குச் சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவ விடுங்கள். ஆங்கிலப் பயிற்சியைவிட இது பயன்படும்.

பேச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பிள்ளைகள் ‘சரி’ என்று தலையை இருபுறமும் ஆட்டினால், ஐரோப்பியர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். மரியாதைக்காக வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறார்கள். நம் பிள்ளை மனத்தாங்கலோடு திரும்புகிறான். ‘எனக்கு இது உடன்பாடில்லை, காரணம் இது’ என்று இரண்டே வரியில் சொல்ல முன்கூட்டியே பழக்குங்கள். கோபப்படாமல் மறுக்கத் தெரிவது தனித் திறமை. அது முகாமுக்குப் போன இடத்தில் தானாக முளைக்காது.

இலங்கையிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘உங்கள் நாட்டுப் போரைப் பற்றிச் சொல்’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே குழுவில் போனால், அந்நியர் முன்னால் முதன்முதலாக அதைப் பேச நேர்வது கொடுமை. புறப்படுவதற்கு முன்பே அவர்கள் தங்களுக்குள் பேசியிருக்க வேண்டும். சொல்ல மறுக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இழப்பைச் சாட்சி சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தனுப்புங்கள். தினமும் பத்து நிமிடம்: இன்று என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றியது, நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன், நாளை எதை மாற்றுவேன். தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் சான்றிதழ் வாசகம் வரும். உள்ளே குமைந்தது வராது.

இனி, திரும்பி வந்த பிறகு. இங்கேதான் எல்லாம் வீணாகிறது. மாலை, பொன்னாடை, புகைப்படம், ‘தலைமைப் பண்பு கற்றுக்கொண்டேன்’ என்று ஒரு பக்க அறிக்கை, அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் அறிக்கையே கேட்காதீர்கள். பிறகு உட்காரவைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: உன் எந்தக் கருத்து மாறியது? கடைசிவரை யாரோடு உனக்கு ஒத்துப்போகவில்லை? மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் இதையே திரும்பக் கேளுங்கள். பதில் மாறிக்கொண்டே வந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள்.

அதோடு கையில் ஒரு வேலையும் கொடுங்கள். வெளிநாட்டில் கற்றதை உரசிப் பார்க்க ஊரும் காலனியும் இருக்கும் நம் ஊரைவிட வேறு இடம் வேண்டாம். கொழும்பில் ஆசிரியராக இருந்த ஆரியரத்ன 1958இல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனது கனதொலுவ என்ற, சாதியால் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு. சர்வோதய சிரமதானம் என்ற உழைப்புக்கொடை இயக்கம் அங்கேதான் தொடங்கியது. திரும்பி வந்தவர்கள் மூன்று நாள் முகாம் நடத்தட்டும். ஊர்த்தெரு, காலனித்தெரு இரண்டிலிருந்தும் பத்துப் பத்துப் பேர், இரண்டு தெருவுக்கும் பயன்படும் ஒரு வாய்க்காலோ குளக்கரையோ, ஒரே சமையல், ஒரே பந்தி. சமையல் எந்தத் தெருவில் என்பதில் பேச்சு முறியும். முதல் நாள் ஒரு தெரு, மறுநாள் இன்னொன்று என்று முன்னதாகவே பெரியவர்களிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அந்த ஒப்புதலை இருபது வயதுப் பிள்ளை தனியாக வாங்க முடியாது. நீங்கள் கூடப் போகவேண்டும்.

அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பயணச்சீட்டு என்ற வரிக்குக் கீழேயே இந்த மூன்று நாள் முகாமுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அரிசி, பருப்பு, இருபது மண்வெட்டி, கையுறை, முதலுதவிப் பெட்டி. பயணச்சீட்டை வாங்குவதற்கு முன்பே இந்தத் தொகையை ஒதுக்கிவிடுங்கள்.

அன்புடன்,
பணிமுகாம்களுக்கு இளைஞர்களை ஆயத்தம் செய்யும் பயிற்சியாளர்கள்