நமது நீதியாயிருக்கிற கர்த்தரையே பிரசங்கியுங்கள்: லுத்தரன் ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பும் மதிப்பும் மிக்க ஆயர் பெருமக்களுக்கும், தமிழில் பிரசங்கிக்கும் உபதேசியார்களுக்கும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சபையில் அமர்ந்து பிரசங்கம் கேட்டுவரும் ஒரு விசுவாசி வணக்கத்துடன் எழுதுவது.

என் தந்தையார் தம் கடைசி நோயில் கிடந்தபோது ஒரு மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போதுமான அளவுக்கு விசுவாசித்திருக்கிறேனா?" என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் ஞாயிறு தவறாமல் லுத்தரன் ஆலயத்தில் பிரசங்கம் கேட்டவர் அவர். கிரியைகளால் ஒருவனும் நீதிமானாவதில்லை என்பதை நன்றாகவே கற்றிருந்தார். ஆனால் கிரியைகளை எடுத்துவிட்ட இடத்தில் விசுவாசத்தையே ஒரு கிரியையாக வைத்து, அதன் எடையைத் தராசில் இட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வியை அவருக்குள் விதைத்தது எது என்று பல நாள் யோசித்தேன். பிரசங்க பீடத்திலிருந்து அவர் கேட்டவையே என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருந்தது. அதனாலேயே இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், "எண்ணப்பட்டது" என்ற பொருளைத் தரும் கிரேக்க வினைச்சொல் 11 முறை வருகிறது. கணக்கேட்டில் ஒருவர் பெயரில் வரவு வைப்பதைக் குறிக்கும் சொல் அது. இந்தச் சொல்லை நீங்கள் விளக்கிப் பிரசங்கிக்க நான் கேட்டது மிகக் குறைவு. அதற்குப் பதிலாக "நீதிமானாக்கப்படுதல்" என்ற சொல் எவ்வித விளக்கமும் இன்றி வந்துபோகிறது. தமிழ்க் காதுக்கு அதிலுள்ள "ஆக்கு" என்ற வினை ஒன்றை வேறொன்றாக மாற்றிச் செய்வதையே உணர்த்துகிறது. அரிசியைச் சோறாக்குவதுபோல, தேவன் பாவியைச் சிறிது சிறிதாக நல்லவனாகச் சமைத்து முடிக்கிறார் என்றே கேட்பவர் புரிந்துகொள்கிறார். அப்படிப் புரிந்துகொண்டவர் தம்மையே உற்றுப் பார்க்கிறார், சமையல் முடியவில்லை என்பது அவருக்குத் தெரிகிறது, கலங்குகிறார்.

ஆயினும் நம் தமிழ் வேதாகமமே இதற்கு மருந்தையும் வைத்திருக்கிறது. நீதிமொழிகள் 17:15, துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும் நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள் என்கிறது. நீதிமானைக் குற்றவாளியாக்குகிற நியாயாதிபதி அவனைக் குற்றம் செய்ய வைப்பதில்லை. குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்கிறான். அப்படியானால் அதே வசனத்தின் "நீதிமானாக்குகிறவன்" என்பதும் தீர்ப்பைக் குறிக்கும் நீதிமன்றச் சொல்தான். இந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரோமர் 4:5-ஐத் திறந்து பாருங்கள். எந்த நியாயாதிபதி செய்தாலும் அருவருப்பு என்று சொல்லப்பட்ட அதே செயல், "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்று தேவனுடைய பெயராகவே அங்கே நிற்கிறது. இதைக் கேட்கும் எவரும் திடுக்கிட வேண்டும். அந்தத் திடுக்கிடுதலைக்கூட எங்களுக்குத் தராமல் கடந்துபோகிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

அப்படியானால் தேவன் பொய்க்கணக்கு எழுதுகிறாரா என்ற கேள்வி உடனே எழும், எழவும் வேண்டும். அதற்கான பதில் 2 கொரிந்தியர் 5:21-இல் இருக்கிறது. பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார் என்று பவுல் எழுதுகிறார். அங்கேயும் அதே "ஆக்கினார்". கிறிஸ்து ஒரு பாவமும் செய்யாதிருக்க, நம் பாவம் அவர் கணக்கில் வைக்கப்பட்டது. அந்தக் கணக்கு பொய்யாக இருந்திருந்தால் அவருடைய மரணமும் பொய்யாக இருந்திருக்கும். அவர் மெய்யாகவே மரித்தார். எனவே அவருடைய நீதி நம் கணக்கில் வைக்கப்படுவதும் மெய். "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்று சொன்னவரின் வாய்ச்சொல், நீதிமான் என்று ஒருவனைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் வெறும் சொல்லாகிவிடாது.

இந்த இடத்தில் நம் முன்னோர் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். நம் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1546-இல் மறைந்த சில ஆண்டுகளுக்குள், கோனிக்ஸ்பெர்க் நகரில் ஆண்ட்ரேயாஸ் ஒசியாண்டர் என்ற இறையியலாளர், நமக்குள் வந்து வாசம்பண்ணும் கிறிஸ்துவின் தெய்வீகத் தன்மையே நம் நீதி என்று போதித்தார். கேட்பதற்கு மிகவும் பக்தியான போதனை அது. இன்று நம் பீடங்களிலும் அதன் சாயலைக் கேட்கிறேன். ஆனால் என் நீதி எனக்குள் இருக்கிறது என்றால், அது இருக்கிறதா என்று அறிய நான் எனக்குள்ளேதான் தேட வேண்டும். என் தந்தையார் தேடியதும் அங்கேதான். 1577-இல் உருவான, லுத்தரன் சபைகளின் போதனையை வரையறுக்கும் இணக்க அறிக்கையின் மூன்றாம் பகுதி இதற்குத் தெளிவான பதிலைத் தந்தது: நம் நீதி தேவனும் மனிதனுமாகிய முழுக் கிறிஸ்துவின் கீழ்ப்படிதல், அவர் வாழ்ந்ததிலும் பாடுபட்டதிலும் மரித்ததிலும் பிதாவுக்குக் காட்டிய முழுக் கீழ்ப்படிதல். கிறிஸ்து விசுவாசிக்குள் வாசம்பண்ணுவதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் தேவனுக்கு முன் நாம் நிற்கும் நீதி அந்த வாசம் அல்ல என்றார்கள்.

"வாழ்ந்ததிலும்" என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டுகிறேன். சிலுவையை நீங்கள் பிரசங்கிக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அவர் நியாயப்பிரமாணத்திற்கு, அதாவது தேவனுடைய கட்டளைகளுக்குக் கீழானவராகப் பிறந்து, தாய்க்கும் தந்தைக்கும் கீழ்ப்படிந்து, ஒருவரையும் இச்சையோடு பாராமல், ஒரு கசப்பான சொல்லும் பேசாமல், பிதாவை முழு இருதயத்தோடும் நேசித்து வாழ்ந்த ஒவ்வொரு நாளும் எனக்காக வாழப்பட்டது என்பதை யார் எங்களுக்குச் சொல்கிறீர்கள்? பெற்றோரைக் கனம்பண்ணத் தவறிய மகனுக்கு, மன்னிப்பு மட்டும் கிடைக்கவில்லை; குறையின்றிக் கனம்பண்ணிய ஒரு மகனின் கீழ்ப்படிதலும் அவன் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. ஜெபத்தில் தூங்கிவிழும் எனக்கு, கெத்செமனேயில் விழித்திருந்து ஜெபித்தவரின் ஜெபமே நீதி. ஏசாயா 61:10 சொல்லும் நீதியின் சால்வை இதுதான். அதை நான் நெய்யவில்லை. என் மேல் போர்த்தப்படுகிறது.

லுத்தர் 1545-இல் தம் இலத்தீன் நூல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், "தேவநீதி" என்ற சொல்லையே ஒருகாலத்தில் வெறுத்ததாகச் சொல்கிறார். பாவியைத் தண்டிக்கும் நீதி என்று மட்டுமே அதை அறிந்திருந்தார். அது தேவன் கொடையாகத் தரும் நீதி, நாம் பெற்றுக்கொள்ளும் நீதி என்று ரோமர் 1:17-இல் கண்டபோது பரலோகத்தின் திறந்த வாசல்களுக்குள் நுழைந்ததுபோல் உணர்ந்தார். 1522-இல் வெளியான தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28-இல் "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்ததற்காகக் கடுமையாகத் தாக்கப்பட்டார். 1530-இல் அதற்குப் பதிலும் எழுதினார். நம் தமிழ் மொழிபெயர்ப்போ "விசுவாசத்தினாலேயே" என்று ஓர் ஏகாரத்தில் அதைச் சொல்லிவிடுகிறது. அந்த ஏகாரத்தை வாசிக்கும்போது தயவுசெய்து விழுங்கிவிடாதீர்கள்.

இனி விசுவாசத்தைப் பற்றி. கலாத்தியர் நிருபத்திற்கான தம் பெரிய விரிவுரையில் லுத்தர், மோதிரம் மணிக்கல்லைப் பற்றியிருப்பதுபோல விசுவாசம் கிறிஸ்துவைப் பற்றியிருக்கிறது என்கிறார். மதிப்பு கல்லில் இருக்கிறது. மெல்லிய மோதிரமும் அதே கல்லைத்தான் தாங்குகிறது. ஆனால் நான் கேட்ட பல பிரசங்கங்கள் முதல் பாதியில் கல்லைக் காட்டிவிட்டு, இரண்டாம் பாதியில் "ஆனால்" என்று தொடங்கி மோதிரத்தின் தடிமனை அளக்கச் சொல்கின்றன: உன் விசுவாசம் உண்மையானதா, உன் அர்ப்பணிப்பு முழுமையானதா, உன் ஜெப வாழ்க்கை எப்படி இருக்கிறது? நற்கிரியைகளைப் பிரசங்கிக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஆறாம் பிரிவு, விசுவாசம் நற்கனிகளைத் தர வேண்டும் என்றே போதிக்கிறது. அயலானுக்கு நான் செய்ய வேண்டியதை நேராகச் சொல்லுங்கள், கடிந்தும் சொல்லுங்கள். நியாயப்பிரமாணத்தின் முழுக் கூர்மையோடு என் பாவத்தைச் சொல்லுங்கள். நான் வேண்டுவது, கனியை வேராக மாற்றாதிருக்க வேண்டும் என்பதே.

அமெரிக்க லுத்தரன் இறையியலாளர் சி. எஃப். டபிள்யூ. வால்தர் 1884–85-இல் செயின்ட் லூயிஸில் இறையியல் மாணவர்களுக்கு நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் பற்றி ஆற்றிய மாலை விரிவுரைகளில் 25 கருத்துரைகளை வைத்தார். அவற்றுள் ஒன்பதாவது, கலங்கிய பாவியை வசனத்திடமும் ஞானஸ்நானம், இராப்போஜனம் ஆகிய சாக்கிரமெந்துகளிடமும் நடத்தாமல், அவனுடைய சொந்த ஜெபத்திடமும் போராட்டத்திடமும் அனுப்புவது தேவவசனத்தைச் சரியாகப் பகுத்துப் போதிப்பதாகாது என்கிறது. ஆக்ஸ்பர்க் அறிக்கையிலும் நீதிமானாக்கப்படுதலைச் சொல்லும் நான்காம் பிரிவை அடுத்து உடனே வருவது உங்கள் ஊழியத்தைப் பற்றிய ஐந்தாம் பிரிவு. இந்த விசுவாசத்தை நாங்கள் அடையும்படியே சுவிசேஷத்தைப் போதிக்கும் ஊழியம் ஏற்படுத்தப்பட்டது. ஆகவே கிறிஸ்துவின் நீதியைப் பற்றி விளக்கினால் போதாது. அதை எங்களுக்குக் கொடுக்க வேண்டும். "கிறிஸ்து பாவிகளுக்காக மரித்தார்" என்பது செய்தி. "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்பது கொடை. பாவமன்னிப்பு அறிவிப்பில் நீங்கள் சொல்லும் அந்த "உனக்கு" பிரசங்கத்திலும் கேட்க வேண்டும்.

குறிப்பாக அடக்க ஆராதனைகளில் இப்படிப் பிரசங்கிக்கும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன். மரித்தவரின் நற்குணங்களை அடுக்கி, அதனால் அவர் கர்த்தரிடம் சென்றார் என்று பொருள்படப் பேசும்போது, சவப்பெட்டிக்கு அருகில் நிற்கும் நாங்கள் எங்கள் பட்டியல் எவ்வளவு குட்டையானது என்று எண்ணிப் பார்க்கிறோம். அவருடைய ஞானஸ்நானத்தைச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட நீதி யாருடையது என்று சொல்லுங்கள்.

என் தந்தையாரின் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் இராப்போஜனம் கொடுக்க வந்த வயதான ஆயர் ஒருவரிடம் அதைச் சொன்னேன். அவர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, "ஐயா, உங்கள் விசுவாசம் போதாது, யாருடையதும் போதாது. கிறிஸ்து போதும். இது உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட அவருடைய சரீரம்" என்று சொல்லி அப்பத்தைக் கொடுத்தார். தந்தையார் அதன்பின் ஒன்பது நாள் உயிரோடிருந்தார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நாற்பது ஆண்டுப் பிரசங்கங்களில் நான் கேட்ட மிகச் சிறியது அது. அதைப் போன்ற ஒன்றை அடுத்த ஞாயிறே, நாங்கள் நலமாக இருக்கும்போதே, எங்களுக்குத் தாருங்கள்.

கிறிஸ்துவின் நீதியில் உங்களோடு பங்குடைய,
சபையில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவன்