யார் வீட்டில் சார் அப்படிப் பேசுகிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய டிவி நகைச்சுவைத் தொடர்களில் நம் வீட்டுப் பேச்சு அப்படியே இருந்தது என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒருவர் உருகியிருந்தார். நானும் அவற்றைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் யார் வீட்டில் சார் அப்படிப் பேசுகிறார்கள்?

போன மாதம் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிவிட்டு நிறுத்த மறந்ததில், சமையலறையில் நானும் மாமியாரும் பேசியது பத்து நிமிடம் பதிவாகி அப்படியே போய்விட்டது. அப்புறம் கேட்டுப் பார்த்தேன். "அந்த டப்பா எங்க?" "எது?" "அதான், அது." "அதுவா, மேல." நடுவில் குக்கர் விசில், அத்தை பாதியில் விட்ட ஒரு கல்யாணக் கதை. சிலேடை, பஞ்ச் எதுவும் இல்லை. ஆனாலும் ஏழெட்டு முறை சிரிக்கிறோம், ஒரு முறை "பெருங்காயம் தீந்துபோச்சு" என்பதற்கு! ஏன் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் கோளாறு இல்லை. அமெரிக்க உளவியல் பேராசிரியர் ராபர்ட் புரொவைன், பொது இடங்களில் மக்கள் சிரித்த 1200 தருணங்களைக் குறித்துவைத்துப் பார்த்தபோது, ஜோக் மாதிரி எதையாவது கேட்டுச் சிரித்தது 10 முதல் 20 சதவீதம்தான். மீதியெல்லாம் 'சரி, அப்புறம் பார்க்கலாம்' ரகம். கேட்டவரைவிடப் பேசியவரே அதிகம் சிரித்திருக்கிறார். டிவியிலோ எவ்வளவு கடித்தாலும் பாத்திரங்கள் சிரிப்பதில்லை, அந்த வேலை நம்முடையது.

அந்தப் பேச்சு சபா மேடையிலிருந்து வந்தது. கிரேசி மோகனையே எடுத்துக்கொள்ளுங்கள், 1976இல் எஸ்.வி.சேகருக்காக எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகம்தான் அவர் பெயருக்கு முன்னால் 'கிரேசி'யை ஒட்டியது. மேடையில் கடைசி வரிசை வரை ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும், அரங்கம் சிரித்து ஓயும்வரை அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முடிக்க விடுவதே இல்லை. நல்ல பதிலடி எனக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் வரும். மோகனின் கதாநாயகி ஜானகிக்கு அரை நொடி போதும், அதனால்தான் ஜானகியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அக்காவிடமிருந்து அன்றிரவே பதில் வந்தது: "டப்பா கிடைச்சுதா?"

இப்படிக்கு,
ஒரு வாசகி, தாம்பரம்