அள்ளிய குப்பையை அன்றைக்கே ஏற்றுங்கள்: யாழ். மாவட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ். மாநகர முதல்வருக்கும், நகர சபை, பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும், மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களின் உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் வடமராட்சிக் கரையோரத்தில் இருப்பவள். எங்கள் ஊரில் அயலவர்கள் கூடிக் கடற்கரையிலும் அதற்குப் போகும் ஒழுங்கைகளிலும் குப்பை அள்ளுகிறோம். சனசமூக நிலையத்துப் பெடியள், மாதர் சங்கத்து அக்காமார், விடியப்புறம் கரைக்கு வந்து வலை தட்டி முடித்த கையோடு வந்து சேரும் கடற்றொழிலாளர் சிலர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று வருகிறவர்கள் வருகிறார்கள். பழைய உரப்பையும் விறாண்டியும் அவரவர் வீட்டிலிருந்து வரும். காரைநகரில் கசூரினாவிலும் வேலணையில் சாட்டியிலும் பண்ணைக் கரையிலும் இப்படிச் சிரமதானங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆட்களுக்குக் குறைவில்லை. மனம் இருக்கிறது. வெயில் ஏறும் முன் ஒரு நீளக் கரையைத் துப்புரவாக்கிவிடுவோம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்திலிருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன்.

நாங்கள் கட்டி வைத்த பைகள் வீதிக்கரையில் கிடக்கும். "திங்கட்கிழமை வண்டி வரும்" என்பார்கள் சபையில். திங்களும் போகும், செவ்வாயும் போகும். முதல் இரவே நாய்கள் பைகளைக் கிழித்துவிடும். மறுநாள் கட்டாக்காலி மாடுகள் வந்து, சாப்பாடு கட்டும் பொலித்தீன் தாள்களான லஞ்ச் சீற்றுகளைச் சோறு ஒட்டியபடியே இழுத்துச் சப்பும். காற்றுக்கு மிச்சம் பறக்கும். இவற்றைவிட மனவருத்தம் தருகிற இன்னொன்று உண்டு. அந்தக் குவியலைக் கண்டவர்கள், குப்பை போடுகிற இடம் இதுதானாக்கும் என்று தங்கள் வீட்டுப் பையையும் அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். இப்படி, அதுவரை துப்புரவாகக் கிடந்த ஒரு முடக்கு எங்கள் சிரமதானத்தாலேயே நிரந்தரக் குப்பைமேடாகிப் போனதைக் கண்ணால் கண்டோம். அந்த முடக்குக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வயதான அம்மா எங்களை ஏசவில்லை. "பிள்ளையள், இனி இஞ்சை கட்டி வைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னா.

எங்கே கட்டி வைப்பது? லான்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரம் பிடித்து நாங்களே ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்கும் ஆயத்தமாக இருந்தோம். ஆனால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சபை காட்டாத இடத்தில் கொட்டினால், வெளியில் பையை எறிகிறவனுக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவு, தெருவைத் துப்புரவாக்குவதையும் வீட்டுக் குப்பையை உரிய காலங்களில் அகற்றுவதையும் சபையின் கடமையாக வைக்கிறது. சேகரித்த குப்பை சபையின் சொத்து, அதை விற்கவும் அகற்றவும் சபைக்கு உரித்துண்டு என்கிறது 94. கொட்டுவதற்கு இடம் ஒழுங்கு செய்யவேண்டியதும் சபைதான் என்கிறது 95. மாநகர, நகர சபைக் கட்டளைச் சட்டங்களிலும் இதே ஏற்பாடுகள் உண்டு. உங்களுக்குத் தெரியாததல்ல. அள்ளுவதற்கு யாருடைய அனுமதியும் எங்களுக்குத் தேவையில்லை. அகற்றும் உரித்தும் பொறுப்பும் உங்களிடம் மட்டுமே இருக்கின்றன என்பதற்காகவே எடுத்துச் சொல்கிறேன்.

ஆகவே கேட்பது இதுதான். சிரமதான நாளை ஒரு கிழமைக்கு முன்னரே எழுத்தில் அறிவிக்கிறோம். அன்று முற்பகல் ஓர் உழவு இயந்திரமும் பெட்டியும் வரவேண்டும். தரம் பிரித்தே கட்டித் தருவோம். அன்றைக்கே ஏற்றுங்கள்.

கடற்கரைக் குப்பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அது வீட்டுக் குப்பை போன்றதல்ல. வடகிழக்குப் பருவக்காற்றான வாடை தொடங்கினால் வங்காள விரிகுடாவின் நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பும். அதோடு இந்தியப் பெயர்ச்சீட்டு ஒட்டிய போத்தல்களும் மருந்துக் குப்பிகளும் செருப்புகளும் எங்கள் வடகரையில் ஒதுங்கும். சில ஆண்டுகளில் கிழக்கேயுள்ள நாடுகளிலிருந்து மூங்கில் மிதவைகள்கூட வந்து தட்டியிருக்கின்றன. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அடுத்த மாதமே பிளாஸ்டிக் மணிகள் மன்னார்க் கரையில் ஏறின. "இது இந்தியாக் குப்பை, நாங்கள் ஏன் அள்ளவேண்டும்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒதுங்கியது எங்கள் கரையில். வலை இழுப்பதும் எங்கள் ஆட்கள்தான், அந்த மீனைத் தின்பதும் நாங்கள்தான்.

எல்லாவற்றிலும் கரைச்சல் றெஜிபோம், சாப்பாட்டுப் பெட்டி செய்கிற அந்த வெள்ளை நுரைப் பிளாஸ்டிக். வெயிலில் கிடந்து உளுத்த துண்டைக் கையால் தொட்டால் போதும், அரிசி போல உதிர்ந்து மணலோடு கலந்துவிடும். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. முழுத் துண்டாக இருக்கும்போதே எடுக்கவேண்டும் என்பதால்தான் வாடை ஓய்ந்த உடனே இறங்குகிறோம். அடுத்தது நைலோன் நூலால் பின்னிய தங்கூசி வலைத் துண்டுகள். அவை மணலுக்குள் புதைந்து, அடம்பன் கொடியோடு கொடியாகப் பின்னிக் கிடக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கொடியும் வேரோடு வந்துவிடும். எங்களோடு வரும் கடற்றொழிலாளி ஐயா ஒருவர் குந்தியிருந்து, மீன் வெட்டும் சின்னக் கத்தியால் வலையைக் கண்ணி கண்ணியாக அறுத்துக் கொடியை விட்டுவிட்டு வலையை மட்டும் எடுப்பார். ஒரு முழ வலைக்கு அவ்வளவு நேரம் மினக்கெடுகிறாரே என்று முதலில் பெடியளுக்குப் பொறுமையில்லை. இப்போது அவர்களும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அடம்பனும் இராவணன் மீசையும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

இதனால் ஒரு மன்றாட்டமும் உண்டு. தயவுசெய்து கடற்கரைத் துப்புரவுக்கு மண் வாரும் பெக்கோ இயந்திரத்தை இறக்காதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும், படத்திலும் கரை அழகாகத் தெரியும். ஆனால் கொடியையும் மேல்மணலையும் வழித்துக்கொண்டு போய்விடும். அடுத்த மாரிக்குக் கடல் உள்ளே வரும்போது தடுக்க எதுவும் இராது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட மணற்காட்டுச் சனத்திடம் மணற்கும்பியின் பெறுமதியை நாங்கள் விளக்கத் தேவையில்லை. கடற்கரைக்குக் கைதான் சரி. அந்தக் கைகளை நாங்கள் தருகிறோம்.

வீதிக் குப்பை அப்படியல்ல. அதற்கு இந்தியாவைக் குறை சொல்ல ஏலாது. காலையில் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு சொப்பிங் பை தொங்கும். வெளியான இடம் வந்ததும் வண்டி நிற்காது, பை மட்டும் பறக்கும். கல்லுண்டாய் வெளியானாலும் செம்மணிப் பக்கமானாலும் எங்கள் ஊர் மதகடியானாலும் இதே கதைதான். பைகளைத் திறந்து பிரித்திருக்கிறோம். மீன் குடல், பம்பஸ், பழஞ்சோறு, உடைந்த கண்ணாடி எல்லாம் ஒரே பைக்குள் இருக்கும். எறிகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருடைய ஒழுங்கைக்குக் குப்பை வண்டியே வருவதில்லை. வந்தாலும் எந்த நாள், எத்தனை மணி என்று தெரியாது. புருஷன் பெண்சாதி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் படலையடியில் காத்து நிற்க யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு நாளை நிச்சயித்து, அந்த நாளில் தவறாமல் வாருங்கள். உழவு இயந்திரம் நுழையாத ஒழுங்கைக்குக் கைவண்டி அனுப்புங்கள். அதற்குப் பிறகும் எறிகிறவருக்குத் தண்டம் விதியுங்கள். நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். அதற்கு முன் தண்டத்தைப் பற்றி மட்டும் கதைப்பது நியாயமில்லை.

வண்டி வராத வீடுகளில் நடக்கும் மற்றக் காரியம் எரிப்பது. பின்னேரமானால் பொலித்தீன் புகை வேலிக்கு மேலால் வரும், முட்டுக்காரருக்கு மூச்சுவிட ஏலாது. எரித்த சாம்பலும் புதைத்த மிச்சமும் எங்கே போகின்றன? எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், வெடிப்பும் துவாரமுமாக இருப்பது. மேலே ஊற்றுவது விரைவில் கீழே இறங்கும். வற்றாத ஆறு ஒன்று எங்களுக்கு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. உவர்நீருக்கு மேல் மிதக்கும் அந்த நன்னீர் வில்லையை நம்பித்தான் கிணறுகள் இருக்கின்றன. குப்பையை எங்கே கொட்டுவது என்ற முடிவு, குடாநாட்டில், எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்ற முடிவும்தான்.

சட்டங்கள் குறைவில்லை. லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டன. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் 2023 ஒக்டோபரில் தடைக்குள் வந்தன. 2025 நவம்பர் 1 முதல் சொப்பிங் பையைக் கடைகள் இலவசமாகக் கொடுக்கக்கூடாது. இவற்றில் பல இன்னும் எங்கள் உரப்பைகளுக்குள் வந்து விழுகின்றன. பரிசோதிக்கும் அதிகாரம் வேறு திணைக்களங்களுக்கு இருக்கலாம். ஆனால் சாப்பாட்டுக் கடைக்கு ஆண்டுதோறும் உரிமம் கொடுப்பது நீங்கள்தான். புதுப்பிக்க வரும்போது எதில் சாப்பாடு கட்டுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். வாழையிலையும் பனையோலையும் எங்களிடம் இல்லாத பொருட்களா? திருவிழாக் காலமும் அப்படித்தான். வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கான சனம் மணலில் நடந்து போகும். தாகம் எடுத்தால் தண்ணீர் போத்தல் வாங்கத்தான் செய்வார்கள். வழிநெடுகச் சபையின் தண்ணீர் பவுசர்களும், கொண்டுவந்த போத்தலில் நிரப்ப நல்ல குழாயும் இருந்தால், போத்தல் குப்பை அந்த அளவுக்குச் சேராது.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிக முக்கியமானது. நாங்கள் குப்பை அள்ளினால் ஊர் பாராட்டுகிறது. குளிர்பானம் வருகிறது, முகநூலில் படம் வருகிறது. இதே வேலையை நாள் முழுக்க, ஆண்டு முழுக்கச் செய்கிற உங்கள் சுகாதாரத் தொழிலாளிக்குச் சில வீடுகளில் இன்றும் படலைக்கு வெளியே நிறுத்தித்தான் தண்ணீர் கொடுக்கிறார்கள். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக நிரந்தர நியமனமில்லாத அமையத் தொழிலாளராகவே இருந்து தேய்கிறார்கள். வெறுங்கையால் அள்ளுகிறவரைக் கண்டிருக்கிறேன். 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பிறகு, எலிக்காய்ச்சல் வடமராட்சியில் உயிர்களைக் கொண்டுபோனது. நனைந்த குப்பைக்குள் கைவிடுகிறவருக்கு உறையும் முழங்கால் வரை சப்பாத்தும் சலுகை அல்ல. எங்களுக்கென்று கையுறைப் பெட்டி தர நினைத்தால் முதல் பெட்டி அவர்களுக்குப் போகட்டும். காலியாக இருக்கும் நிரந்தர இடங்களுக்கு அவர்களை எடுக்கச் சொல்லி மாகாண சபை நிர்வாகத்திடம் நீங்கள் பேசவேண்டும். சிரமதானத்தைக் காட்டி அந்த ஆளணியைக் குறைக்க யாரும் நினைத்தால், அதற்கு எங்கள் பெயரைப் பாவிக்க விடமாட்டோம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் ஈராண்டுக்கு மேல் முறையிட எங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. 2025 மே 6இல் வாக்களித்தோம். தேர்தல் நேரத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்கள் எல்லோரும் குப்பையைப் பற்றியும் சொன்னார்கள். நீங்கள் சொன்னதை நம்பித்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

புரட்டாதி முடிந்தால் மழை. வாய்க்கால்களிலும் மதகுகளிலும் அடைத்திருப்பவை அதற்குள் எடுபடவேண்டும். சிரட்டையும் தயிர்க் கோப்பையும் டயரும் எடுபடவேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்து கிடந்தும் மாதக்கணக்கில் சாகாது, முதல் மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாக எடுங்கள்: அறிவிக்கப்பட்ட சிரமதானத்தின் குப்பையை அன்றைக்கே ஏற்றுவது, அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சபை வாசலில் ஒட்டுவது, ஒழுங்கைவாரியாகச் சேகரிப்பு நாட்களை வெளியிடுவது. கூட்டம் எந்த நாள் என்று அறிவித்தால், பார்வையாளர் பகுதியில் நாங்களும் வந்து இருப்போம்.

இப்படிக்கு,
வடமராட்சிக் கரையோரத்து அயலவர் சிரமதானக் குழுவில் ஒருத்தி