சேணம் இன்னும் போடலை

அம்மிணிக்கு,

அப்பா எழுதறேன். இங்க எல்லாரும் சுகம். போன்ல பேசினா நாப்பது செகண்டுல "நல்லாருக்கேன்ப்பா, மீட்டிங் இருக்கு"ன்னு வெச்சிடறே. அதான் கடுதாசி. ஆபீஸ் அட்ரசுக்கே அனுப்பறேன். அங்கன்னா உன் கைக்கு வந்து சேர்ந்துரும்.

வேளைக்குச் சாப்பிடு.

ஆடியில அந்தியூர்ச் சந்தையில பெட்டைக் குதிரை ஒண்ணு புடிச்சேன்னு சொன்னேனே, நீ அப்புறம் அதைப் பத்திக் கேக்கவே இல்லை. கத்தியவார் ஜாதி. காது நுனி ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடும். நல்ல செவலை. துண்டுக்குள்ள விரலைப் புடிச்சுப் பேரம் பேசின தரகர், "ஆறு வயசுங்க, சாது, கொழந்தை ஏறினாலும் நிக்கும்"னார். வீட்டுக்குக் கொண்டாந்து வாயைத் திறந்து பாக்கறேன், ஓர முன்பல்லு இன்னும் பால்பல்லு. அது விழவே நாலரை வயசு ஆகணும். அப்ப நாலுதான். முப்பது வருஷம் குதிரைப்படையில இருந்த ஆளு சந்தையில பல்லைப் பாக்காம வாங்கிட்டு வந்ததை உங்கம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டறா. காதைப் பாத்து மயங்கிட்டேன், என்ன பண்றது.

பல்லு கூடப் பரவால்லை. பிடரி முடியற மேட்டுல நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை மயிர். செவலைக்கு அங்க மட்டும் வெள்ளை எப்படி வரும்? சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறின இடத்துல மொளைக்கற மயிர் அப்படித்தான் வெளுத்து வரும். முதுகெலும்பு முத்தறதுக்கே அஞ்சாறு வயசு ஆகற ஜீவன் மேல எவனோ ரெண்டு வயசுலயே ஏறி உக்காந்திருக்கான்.

சாதுன்னு தரகர் சொன்னது பொய்யில்லை. மொதல் மூணு வாரம் நானும் அப்படித்தான் நெனச்சேன். ஈ உக்காந்தாலே தோலைச் சிலுத்துக்கற ஜாதி அது. இது நான் காலைத் தூக்கிக் குளம்பு தட்டினாலும், வயித்துக்குக் கீழ துணி போட்டு இழுத்தாலும், மரம் மாதிரி நின்னுச்சு. காது திரும்பலை. கண்ணு எங்கயோ. பழகின குதிரை கெடைச்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறந்தான் ஒரு நாள் கொள்ளுத் தொட்டியை வெச்சப்பவும் அதே கண்ணோட நின்னதைப் பாத்தேன்.

அதோட சேணத்தை எடுத்து உத்தரத்துல மாட்டிட்டேன்.

கெழக்கால காட்டுல அறுபதடி அகலத்துக்கு வட்டமா மூங்கில் கட்டியிருக்கேன். காலையில அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம், அவ்வளவுதான். முகக்கயிறு மட்டும். பின்னால போகணும்னா கயித்தை லேசாத் தாங்கிப் பிடிக்கறது, எடை பின்னங்காலுக்குப் போன அந்த நிமிஷமே விட்டுடறது. இழுக்கறதுல குதிரை எதையும் கத்துக்காதும்மா, விடறதுலதான் கத்துக்கும். விடறதுக்குக் கொஞ்சம் பிந்தினாலும் வேற எதையோ கத்துக்கும். எடது பக்கம் சொல்லிக் குடுத்ததை வலது பக்கம் மறுபடி மொதல்லேர்ந்து சொல்லணும். இந்தக் கண்ணுல பாத்த பழைய கோணிப்பை அந்தக் கண்ணுக்குப் புதுப் புலி. இதெல்லாம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதறேன். கயித்தை மட்டும் கையில சுத்திக்காதே, எப்பவும் மடிச்சுத்தான் புடிக்கணும்.

ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை போன் பண்ணினார். குதிரை எப்படியிருக்குன்னு மூணு தடவை கேட்டார். நானும் மூணு தடவை சொன்னேன். வேற ஒண்ணும் அவரும் பேசலை, நானும் கேக்கலை.

தீபாவளிக்கு வரலை, பொங்கலுக்கு வரலை. சித்தப்பா கேட்டான், லீவு இல்லைன்னுட்டேன். இந்த வயசுல என்னைப் பொய் சொல்ல வெக்கறே. உனக்கு புரமோஷன் வந்த போட்டோவை அவனுக்குத்தான் மொதல்ல காட்டினேன். அதுல கழுத்தெலும்பு தெரியுது. சாப்பிடு சாமி.

நாப்பதாம் நாளோ என்னமோ, முதுகு மேல வெறும் போர்வையைப் போட்டு வயித்து வாரை ஒரு கண்ணி இறுக்கினேன். காதை மடிச்சுக்கிட்டுத் திரும்பி என் தோளைக் கவ்வ வந்துச்சு. பழைய நானா இருந்தா அறைஞ்சிருப்பேன். சட்டுனு வாரைத் தளத்திட்டேன். தலையைத் தாழ்த்தி வாயை ஒரு தடவை மென்னுச்சு. மறுநாள் அரைக் கண்ணி. இப்ப தானா வந்து பக்கத்துல நிக்குது. புடிக்கலைன்னா உடனே காதை மடிச்சுச் சொல்லிருது. கடிக்க வந்த குதிரைக்கு வெல்லம் குடுத்தவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

உனக்குப் பதினாலு வயசு. முழுப்பரீச்சை லீவு. தார்ப்பாய் காத்துல அடிச்சதுக்கு ராணி மெரண்டு உன்னைத் தூக்கிப் போட்டுச்சு. நான் ஓடி வந்து உன்னைப் பாக்கலை, மொதல்ல குதிரையைப் புடிச்சேன். "ஏறு, இப்ப ஏறலைன்னா அது ஜெயிச்சிரும்"னேன். நீ என் மூஞ்சியைப் பாத்தே. ஏறினே. ஒத்தைக் கையில லகானைப் புடிச்சு ரெண்டு சுத்து டிராட் ஓட்டத்துல வந்தே. நான் "முதுகை நிமித்து"ன்னு கத்திக்கிட்டு இருந்தேன். ராத்திரி சட்டை மாத்தறப்ப உங்கம்மாதான் பாத்தா, காறை எலும்பு மேல புடைச்சுக்கிட்டு நின்னதை.

அன்னிக்கு நீ அழுதிருந்தா நான் திட்டியிருப்பேன். அது உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அதை விடவும் ஒண்ணு இருக்கு. இந்தக் கதையை இத்தனை வருஷமா நான் பெருமையாச் சொல்லிட்டுத் திரியறேன். எலும்பு ஒடைஞ்சும் எம்பொண்ணு மூச்சு விடலைன்னு. உன் நிச்சயத்தன்னிக்குப் பந்தியில உக்காந்து சம்பந்தி வீட்டுக்காரங்க கிட்டச் சொன்னேன். "எம்பொண்ணு எதையும் தாங்குவா"ன்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. நீ எலையைப் பாத்துக்கிட்டு இருந்தே. அந்தப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது, அம்மிணி.

இதை எழுதிட்டு ஒரு நாள் அப்படியே வெச்சிருந்தேன். கிழிக்கலை.

மத்தபடி, வர்ற ஆடிக்கு அதுக்கு அஞ்சு வயசு. லாடக்காரர் வந்துட்டுப் போனார், குளம்பு நல்லாருக்கு. போன வாரம் ஓரப் பால்பல்லு விழுந்துச்சு, உன் பல்லு இருக்கற டப்பியிலயே அம்மா போட்டு வெச்சிருக்கா. அது 330 கிலோ இருக்கும். ஏறற ஆளும் சேணமும் சேந்து அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, அதாவது 66. சேணம் எட்டு கிலோ. நான் 81. என்னால இனி ஏற முடியாது. யாரையாவது வெச்சுத்தான் பழக்கணும். அவசரமில்லை, ஆறு மாசம் ஆனாலும் ஆகட்டும். யாரும் ஏறவே இல்லைன்னாலும் அது பாட்டுக்குப் புல்லு மேஞ்சுக்கிட்டு இங்க கெடக்கட்டும்.

ஈரோட்டுக்கு ரயில் எந்நேரத்துக்கு வந்தாலும் நான் வண்டி எடுத்துட்டு வந்துருவேன். போன் போடணும்னு கூட இல்லை, ஒரு மெசேஜ் போதும்.

அம்மா உனக்கு அனுப்பின அதிரசப் பார்சல், வீடு ரெண்டு வாரமாப் பூட்டியிருக்குன்னு திரும்பி வந்துருச்சு. அவகிட்ட கூரியர்க்காரன் மேல தப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன். மறுபடி சுட்டு வெச்சிருக்கா. எந்த அட்ரசுக்கு அனுப்பணும்னு மட்டும் எழுது.

அப்பா