"எல்லோருக்கும் ஒருமுறை வந்து போய்விட்டால் போதாதா?" – பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காய்ச்சலோடு வரும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவது பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, உங்களில் பலர் இரண்டு கேள்விகளைக் கேட்டீர்கள். பெருந்தொற்று என்றால் எல்லோருக்கும் ஒருமுறை வந்து போனதும் தானாக அடங்கிவிடாதா? வைரஸ்தான் மாறிக்கொண்டே இருக்கிறதே, அப்புறம் தடுப்பூசி எதற்கு? இரண்டுமே நியாயமான கேள்விகள். அவசரத்தில் பதில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன்.

வைரஸுக்குப் புத்தியும் இல்லை, திட்டமும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து தன்னைப் போலவே பிரதிகள் எடுக்க வைக்கிறது, அவ்வளவுதான். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளை நடுவில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிடுவதுபோல, அந்தப் பிரதிகளிலும் பிழைகள் விழுகின்றன. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. சில, வைரஸையே உருப்படாமல் செய்துவிடும். அபூர்வமாக ஒன்று அதற்குச் சாதகமாக அமைந்துவிடும்.

கோவிட் வைரஸின் மரபுக் குறிப்பு, அதாவது பிரதி எடுக்கப்படும் அதன் செய்முறைக் குறிப்பு, சுமார் 30,000 எழுத்துகள் கொண்டது; ஒவ்வொரு எழுத்தும் ஒரு வேதிப்பொருளைக் குறிக்கும். 2020-இன் தொடக்கத்தில், அதன் 23,403-ஆவது இடத்தில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி' வந்தது. அந்த ஒரே எழுத்தால் ஸ்பைக் புரதத்தில், அதாவது நம் செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் வைரஸின் முள் போன்ற பகுதியில், 614-ஆவது அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று) வேறொன்றானது. வைரஸ் முன்பைவிடச் சுலபமாகப் பரவியது. சில மாதங்களில் உலகின் பெரும்பகுதியில் இந்த வடிவம்தான் இருந்தது. இத்தனைக்கும் இந்த வைரஸிடம் பிழை திருத்தும் நொதி (வேதி வேலைகளைச் செய்யும் புரதம்) ஒன்று உண்டு. ஃபுளூ காய்ச்சலைத் தரும் இன்ஃபுளுவென்சா வைரஸிடம் அதுவும் கிடையாது, அதனால் அது இன்னும் வேகமாக மாறுகிறது.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பிரதி எடுத்தால்தான் பிழை வரும். தொற்று எத்தனை பேருக்குப் பரவுகிறதோ, புதிய திரிபு, அதாவது வைரஸின் மாறிய வடிவம், உருவாக அத்தனை வாய்ப்பு.

சரி, எதிர்ப்புச் சக்தி விஷயத்துக்கு வருவோம். 1846-இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கிருந்த சுமார் 7,800 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அங்கே போய் ஆராய்ந்தவர் பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர். அதற்கு முன் அந்தத் தீவுகளில் தட்டம்மை வந்தது 1781-இல். அப்போது நோய் வந்து பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை என்று அவர் பதிவு செய்தார். 65 ஆண்டுகள் கழிந்த பிறகும் உடம்பு மறக்கவில்லை! தட்டம்மை வைரஸும் பிழைகளோடுதான் பெருகுகிறது. ஆனால் செல்லுக்குள் நுழைய அது பயன்படுத்தும் புரதங்களில் அதிகம் மாறினால் அதனால் நுழையவே முடியாது. அதனால் ஒருமுறை பெற்ற பாதுகாப்பு ஆயுளுக்கும் நிற்கிறது.

எல்லா வைரஸும் அப்படி இல்லை. பிரேசிலின் மனாஸ் நகரத்தில் 2020 அக்டோபருக்குள் முக்கால்வாசிப் பேருக்குக் கோவிட் வந்து போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இனி பயமில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2021 ஜனவரியில் அங்கே இரண்டாவது அலை எழுந்தது, மருத்துவமனைகளில் ஆக்சிஜனே தீர்ந்துபோனது. முதல் தொற்றில் கிடைத்த பாதுகாப்பு பலருக்குக் குறைந்திருந்தது, அதற்குள் காமா என்ற புதிய திரிபும் வந்திருந்தது. "வந்து போகட்டும், சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு மனாஸ்தான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் தடுப்பூசி வீணா? இல்லை. ரத்தத்தில் சுற்றி வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் குறைந்துவிடும், அதனால் மறுபடி தொற்றலாம். ஆனால் வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் நீண்ட நாள் இருக்கும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் வைரஸின் பல பகுதிகளை அடையாளம் காணும், எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் மாறிவிடுவதில்லை. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஒமைக்ரான் என்ற கோவிட் திரிபின் ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். தடுப்பூசி போட்டவர்களையும் அது தொற்றியது. ஆனால் அவர்களில் தீவிர நோய்க்கு ஆளானவர்கள் வெகு குறைவு. மக்கள்தொகை எதிர்ப்புச் சக்தி பெறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் பொருள். தொற்று ஒழிந்துவிடாது, அதன் கடுமை குறையும். 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட்டுக்கான அவசர நிலையை விலக்கிக்கொண்டபோதும் வைரஸ் போய்விட்டதாகச் சொல்லவில்லை.

"மாற மாற வைரஸ் சாதுவாகிவிடும்" என்பதும் விதியல்ல. கோவிட்டின் ஆல்ஃபா திரிபுக்குப் பின் வந்த டெல்டா திரிபு அதைவிடக் கடுமையானது.

அந்த எதிர்ப்புச் சக்தியை நோய் வந்தே பெற வேண்டும் என்றால், விலை கொடுப்பவர்கள் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும்தான். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால், மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சலின்றி இருந்த பிறகு அனுப்புங்கள். விட்டுப்போன தடுப்பூசி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். காய்ச்சலுக்காக எடுக்கும் விடுப்பால் வருகைப் பதிவில் எந்தக் குறையும் வராது, மருத்துவச் சான்றிதழும் வேண்டாம். வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். விட்டுப்போன பாடங்களை அவரே கொடுத்தனுப்புவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்