ஒட்டுசுட்டான் அம்மாவுக்கும், கைகொடுத்த மற்றவர்களுக்கும்

போன கிழமை எங்கள் அப்பாவின் மொறிஸ் மைனர், யாரும் கயிறு கட்டி இழுக்காமல், விசுவமடுவிலிருந்து பரந்தன், கிளிநொச்சி வழியாக முறிகண்டிப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஓட்டியது அப்பா. அவருக்கு 76 வயது. இதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் நன்றி சொல்லப் போனபோது எனக்குப் பாதி வார்த்தை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கார் 1958ஆம் ஆண்டு மைனர் 1000. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் அப்பா ஹயர் ஓடினார். பிள்ளைப்பேற்றுக்கு அதில் ஏறிப் போன பெண்கள் எத்தனையோ பேர். 2009 தை மாதம் போரில் இடம்பெயர்ந்தபோது அதை வளவில் விட்டுவிட்டு நடந்தோம். 2010இல் திரும்பி வந்தபோது பொடி மட்டும் நின்றது. மற்றச் சாமான்களை வருடக்கணக்காக ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டோம். ஸ்ரியறிங் மட்டும் அகப்படவே இல்லை.

தர்மபுரத்தில் பழைய இரும்பு எடுக்கும் அண்ணை, தன் குவியலுக்குள் கிடந்த ஒஸ்ரின் ஸ்ரியறிங் ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தார். பார்க்க வடிவு. ஆனால் தண்டின் நுனியில் உள்ள பற்களும் ஸ்ரியறிங்கின் நடுத்துளையில் உள்ள பற்களும் ஒன்றுக்குள் ஒன்று இறங்க வேண்டும். இறங்கவில்லை. நடுவை வெட்டி வேறொன்றை வெல்டிங் பண்ணலாம் என்று ஒரு கராச்சில் சொன்னார்கள். ஆசையோடு பரந்தனில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஐயாவிடம் கொண்டு போனேன்.

அவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, ஒட்டித் தந்தால் இண்டைக்குச் சந்தோசமாய்ப் போவீர். ஒருநாள் வளைவில திருப்பேக்க ஒட்டு விட்டுதெண்டால் கையில வளையம் மட்டும்தான் மிஞ்சும். நான் செய்ய மாட்டன்" என்றார். கூலி வரும் வேலையை அப்படி மறுத்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? அந்த நேரம் எனக்கு மனம் சுருங்கித்தான் போனது. ஆனால் ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டில் முன்னர் மைனர் நின்றது என்று வழி சொன்னதும் அவர்தான்.

அம்மா, உங்கள் வாசலுக்கு நான் முன்பின் தெரியாதவனாக வந்தேன். இடம்பெயரும்போது காரை யாரும் கொண்டு போகக் கூடாதென்று உங்கள் கணவர் ஸ்ரியறிங்கைக் கழற்றிப் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் புதைத்ததையும், நீங்கள் திரும்பி வந்தபோது காரும் இல்லாமல் அவரும் இல்லாமல் அது மட்டும் மண்ணுக்குள் இருந்ததையும் சொன்னீர்கள். பிறகு உள்ளே போய், பழைய சேலையில் சுற்றியிருந்ததை எடுத்து வந்து என் மடியில் வைத்தீர்கள். காசு வாங்கவில்லை. "ஓடுற காரில இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

மண்ணுக்குள் இருந்ததால் வளையத்தின் கறுப்புப் பூச்சு மூன்று இடத்தில் வெடித்து, உள் இரும்பு தெரிந்தது. வெடிப்பை இன்னும் அகலமாக்கித் துருவைச் சுரண்டி, இரண்டு ரியூப் கலந்து பூசும் பசையை நிரப்பி, ஒருநாள் காயவிட்டு, தண்ணீர் தொட்டு அரத்தாளால் தேய்த்தேன். விரல் பிடிக்கும் பின்பக்க மேடுகளைத் தேய்க்கும்போது கை நடுங்கியது. அங்கே உங்கள் கணவருடைய விரல்கள் தேய்த்த இடம் இருந்தது. அதைத் தொடவில்லை, அப்படியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லேத் ஐயா தானே வந்தார். முன் சில்லுகள் இரண்டையும் நேராக நிறுத்தி, ஸ்ரியறிங்கின் இரண்டு கையும் கிடையாக வரும்படி வைத்தார். ஒரு பல்லுத் தள்ளி இருந்தது. கழற்றித் திரும்ப வைத்தார். நட்டை இறுக்கி, முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணீர் குடித்தார். பக்கத்து வீட்டுத் தம்பி ஹோன் வயரைக் கொழுவித் தந்தான். அப்புறம் அப்பா ஏறி இருந்தார். ஸ்ராட் பண்ணாமல் கனநேரம் அதைப் பிடித்தபடியே இருந்தார்.

அம்மா, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. உங்களைக் கூட்டிப்போக அப்பா வருவதாகச் சொல்லச் சொன்னார். முன் சீற் உங்களுக்கு. வாசலில் வந்து ஹோன் அடிப்போம்.